முதலில் ஆயாவைப் பாருங்கள்

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் நெருங்குவதால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஒரு வயதுப் பிள்ளையைக் காப்பகத்தில் விடுவது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் 23 வருடம் குழந்தைகள் காப்பகம் நடத்தினேன். ஆறு மாதக் குழந்தையிலிருந்து யு.கே.ஜி. விட்டு மதியம் வருகிற பிள்ளை வரை பார்த்தாயிற்று. நான் டாக்டர் இல்லை; மருந்து விஷயங்களை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா, நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. மகப்பேறு விடுப்பு முடிந்து ஜூனில் பணியில் சேர வேண்டும். அப்போது மகளுக்குச் சரியாக ஒரு வயது. இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று ஏ.சி., சிசிடிவி, செல்போனிலேயே பிள்ளையைப் பார்க்கும் வசதி எல்லாம் உள்ள ப்ளே ஸ்கூல். இன்னொன்று, ஒரு அம்மா தன் வீட்டிலேயே ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். கணவருக்கு முதல் இடம் பிடித்திருக்கிறது. எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?
— ஒரு வாசகி, விழுப்புரம்

2021 ஜூலையிலிருந்து தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். அதற்கு முன் 9 மாதம்தான். அந்தக் கூடுதல் மூன்று மாதம் பெரிய வரம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதக் குழந்தை யார் கை நீட்டினாலும் தாவும். எட்டு மாதத்துக்கு மேல் வேற்று முகம் பார்க்க ஆரம்பிக்கும். பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைதான் அம்மாவை விட்டு நகர மாட்டேன் என்கிற பிடிவாதம் உச்சத்தில் இருக்கும். நீங்கள் விடப்போவது அதன் நட்டநடுவில். எந்த இடத்தில் விட்டாலும் முதலில் அழத்தான் செய்வாள். அந்த அழுகையை வைத்து இடத்தை எடை போடாதீர்கள்.

ஆயாவை வைத்து எடை போடுங்கள். காலை பத்து மணிக்கு, சொல்லிவிட்டுப் போனால் எந்தக் காப்பகமும் அழகாகத்தான் இருக்கும். சொல்லாமல் பதினொன்றரை மணிக்குப் போங்கள். அது சோறு ஊட்டுகிற நேரம். இன்னொரு நாள் மூன்றரை மணிக்குப் போங்கள். அது பிள்ளைகள் தூங்கி எழுந்து சிணுங்குகிற நேரம். உள்ளே விட மாட்டோம் என்றால், சரி, அந்த இடம் வேண்டாம். அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

ஊட்டும்போது ஆயா பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறாரா, நின்றுகொண்டு திணிக்கிறாரா? ஒரே கிண்ணத்தில் ஒரே ஸ்பூனால் நாலு வாய்க்கும் கொடுக்கிறாரா? ஒரு பிள்ளை தலையைத் திருப்பினால் கொஞ்சம் பொறுத்துவிட்டு மறுபடி நீட்டுகிறாரா, தாடையைப் பிடிக்கிறாரா? டயப்பர் மாற்றிவிட்டுக் கை கழுவிய பிறகுதான் அடுத்த பிள்ளையைத் தூக்குகிறாரா? இதெல்லாம் பார்க்க இருபது நிமிடம் போதும்.

அப்புறம் ஆயாவிடமே பேச்சுக் கொடுங்கள். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஏதாவது ஒரு பிள்ளையைக் காட்டி, இவன் எப்படி என்று கேளுங்கள். என்னிடம் 14 வருடம் இருந்த ஆயாவிடம் அப்படிக் கேட்டால், “இவனுக்குப் பருப்பு சாதம் சூடா இருக்கணும், ஆறிட்டா துப்பிடுவான். தூங்கறப்போ என் காதைப் பிடிச்சுக்குவான்” என்பார். அந்த மாதிரி ஒரு பதில் வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விடலாம். “எல்லாம் நல்ல பிள்ளைங்கதாம்மா” என்று பொதுவாகச் சொன்னால் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

நடத்துகிறவரிடம் போன வருடத்தில் எத்தனை ஆயா மாறினார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். சம்பளம் என்ன கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம், தப்பே இல்லை. சம்பளம் குறைவாகக் கொடுக்கிற இடத்தில் ஆயா தங்க மாட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ஆயா மாறினால் உங்கள் மகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாகச் சேர்ந்த மாதிரிதான். ஒரு வயதுப் பிள்ளைகள் என்றால் ஒரு ஆயாவுக்கு நாலு பேர், அதற்கு மேல் நான் விட்டதில்லை. நடக்க ஆரம்பித்த பிள்ளை நாலு திசையிலும் ஓடும், இருப்பது இரண்டு கைதானே.

கேமரா இருப்பது நல்லதுதான். ஆனால் அது கூடத்தைத்தான் காட்டும். நீங்கள் குளியலறைக் கதவைத் திறந்து பாருங்கள். நம் ஊரில் தண்ணீர் விடும் நேரத்தில் வாளி, அண்டா எல்லாம் நிரப்பி வைக்கிற பழக்கம் போகாது. ஒரு வயதுப் பிள்ளைக்கு உடம்புக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புறத்தான் விழும், தானாக எழ முடியாது, மூழ்குவதற்கு அரை வாளித் தண்ணீர்கூட வேண்டாம். என் காப்பகத்தில் வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், குளியலறைத் தாழ்ப்பாள் வெளியே, மேலே. மாடிப்படிக்குத் தடுப்பு இருக்கிறதா, சாம்பார்ப் பாத்திரம் எங்கே இறக்கி வைக்கிறார்கள், ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கிற கொசு, ஏ.சி.யைவிட வலை எனக்கு முக்கியம்.

நீங்கள் சொல்லும் இரண்டு இடத்தையும் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் வைத்துப் பார்க்கும் அந்த அம்மா ஒற்றை ஆளா? ஒற்றை ஆள் என்றால், எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் வேண்டாம். கேட்டில் யாரோ மணி அடிக்கிறார்கள், ஒரு பிள்ளை வாந்தி எடுக்கிறது, அந்த நேரத்தில் மற்ற ஏழு பேரை யார் பார்ப்பது? கூட ஒருவர் இருந்து, அவரும் நிலையாக இருப்பவர் என்றால் என் மனம் அந்த வீட்டுப் பக்கம்தான் சாயும்.

மேடம், மகனுக்கு 13 மாதம். போன வாரம் டே கேரில் சேர்த்தோம். காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். “அவன் விளையாடும்போது சத்தமில்லாமல் கிளம்பிவிடுங்கள், பார்த்தால் அழுவான்” என்றார்கள். அப்படித்தான் செய்கிறேன். ஆனால் நாளுக்கு நாள் அழுகை கூடுகிறது. இப்போது வீட்டில் நான் பாத்ரூம் போனாலே கதவைத் தட்டி அழுகிறான்.
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

தம்பி, நாளையிலிருந்து நழுவிப் போவதை நிறுத்துங்கள். பல வருடம் முன்னால் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் மகன் வயதுதான் அந்தப் பையனுக்கும். அவன் அப்பாதான் கொண்டுவந்து விடுவார். முறுக்கி விட்டால் ஓடுகிற சிவப்புக் கார் ஒன்று என்னிடம் இருந்தது. அதை நான் ஓடவிடுவேன், பையன் அதன் பின்னாலேயே தவழ்ந்து போவான், திரும்பிப் பார்த்தால் அப்பா இருக்க மாட்டார். இரண்டு நாள் இது நன்றாக வேலை செய்கிறது என்றே நினைத்தேன். நான்காம் நாள் நான் அலமாரியிலிருந்து காரை எடுத்தேன், அவ்வளவுதான். அப்பாவின் பேன்ட்டை முழங்காலுக்குப் பக்கத்தில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் புதைத்துவிட்டான். காரைப் பார்க்கவே இல்லை. கார் வந்தால் அப்பா காணாமல் போவார் என்று அந்தப் பிஞ்சு கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் ஒரு மாதம் அவன் எந்தப் பொம்மையிலும் மனம் ஒட்டவில்லை. விளையாடும்போதே தலையைத் தூக்கித் தூக்கி வாசலைப் பார்ப்பான். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

சொல்லாமல் போனால் பிள்ளை அந்த நிமிடம் அழாது, அது உண்மை. ஆனால் அப்பா எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடுவார் என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் வீட்டில் பாத்ரூம் கதவைத் தட்டுகிறான். சொல்லிவிட்டுப் போனால் அழுவான். ஆயா தூக்கிக்கொள்வார். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். சாயங்காலம் நீங்கள் சொன்னபடி வந்து நிற்பீர்கள். இது பத்துப் பதினைந்து நாள் மாறாமல் நடந்தால், போனவர் வருவார் என்று அவனுக்கே பிடிபட்டுவிடும்.

நம் வீடுகளில் யாரும் “போறேன்” என்று சொல்லிவிட்டுப் போக மாட்டோம் இல்லையா, “போயிட்டு வரேன்” என்போம். அதையே சொல்லுங்கள், தினமும் அதே வார்த்தையில். நேரம் சொன்னால் அவனுக்குப் புரியாது. “தூங்கி எந்திரிச்சு பிஸ்கட் சாப்பிட்டதும் அப்பா வந்துடுவேன்” என்று சொன்னால் புரியும். ஒரு முத்தம், ஆயா கையில் கொடுங்கள், கிளம்புங்கள். தரையில் இறக்கி விட்டுவிட்டுப் போகாதீர்கள், கையிலிருந்து கைக்குப் போகட்டும். வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பது, அழுகிறானே என்று மறுபடி உள்ளே வந்து தூக்குவது, இதெல்லாம் வேண்டாம். உங்கள் முகம் வாடியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

முடிந்தால் ஒரு வாரம் பின்னால் போய் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு நாள் நீங்களோ மனைவியோ கூடவே ஒரு மணி நேரம் உட்காருங்கள், விளையாட்டுக் காட்ட வேண்டாம், சும்மா சுவரில் சாய்ந்து உட்காருங்கள். மூன்றாம் நாள் சொல்லிவிட்டுத் தெருமுனை டீக்கடை வரை போய்க் கால் மணியில் வாருங்கள். அடுத்து ஒரு மணி நேரம். அடுத்து மதியச் சாப்பாடு வரை. அங்கே தூங்கி எழுந்துவிட்டான் என்றால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. முன்பின் தெரியாத இடத்தில் பிள்ளை கண்ணை மூடாது. ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி அழுவான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஒரு வயதுப் பிள்ளை வீடுகளுக்கெல்லாம் இது பொருந்தும். குலதெய்வம் கோயிலில் மொட்டை, காது குத்து வைத்திருந்தால் சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்னால் முடித்துவிடுங்கள், அல்லது தள்ளிப் போடுங்கள். பால் மறக்கடிப்பதும் அதே வாரத்தில் வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு கஷ்டம் போதும். காதுத் திருகாணி, கறுப்பு மணி, தாயத்துக் கோத்த ஊக்கு, இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு அனுப்புங்கள். பக்கத்துப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும்.

எனக்கு 64 வயது. பேரனுக்கு ஒரு வயது ஆகிறது. மகளும் மருமகனும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். “ஊருக்குக் கொண்டுவந்து மூன்று வயது வரை வளர்த்துத் தருகிறேன்” என்கிறேன், மகள் காப்பகத்தில் விடப்போவதாகச் சொல்கிறாள். எனக்கு முட்டி வலி உண்டுதான், ஆனாலும் சொந்தப் பாட்டியைவிடக் கூலிக்கு இருப்பவர் மேலா?
— ஒரு பாட்டி, திண்டுக்கல்

உங்கள் வயதுதான் எனக்கும், என் முட்டியும் உங்கள் முட்டி மாதிரிதான். அதனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொல்கிற வழியில் அந்தப் பிள்ளை பகலில் எட்டு மணி நேரம் இல்லை, இரவும் பகலும் அம்மாவை விட்டு இருக்க வேண்டும். அம்மாவே உலகம் என்று இருக்கிற வயசு. மூன்று வயதில் திருப்பிக் கொண்டுபோய் விடும்போது உங்களிடமிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டு தடவை அந்தப் பிள்ளைக்கு எதற்கு அந்த வேதனை? காப்பகத்தில் விட்டால் சாயங்காலம் ஆனதும் அம்மா மடி கிடைத்துவிடும்.

ஒரு வயதுப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை தடவை உட்கார்ந்து எழ வைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டில் விளிம்புக்குப் போகிறான் என்று தெரிந்து, எழுந்து ஓடுவதற்குள் முட்டி பிடித்துக்கொண்டால்? மகள் அதைத்தான் பயப்படுகிறாள், வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் இல்லாமல் இது நடக்கவும் நடக்காது. சேர்க்கிற மாதம் சென்னைக்குப் போய் இருங்கள். காலையில் அம்மாவோடு காப்பகத்துக்குப் போங்கள், மதியம் நீங்களே போய் அழைத்து வாருங்கள். முதல் மாதம் அரை நாள் மட்டும் விட்டால் பிள்ளைக்கு எவ்வளவோ இலகு. காய்ச்சல் வந்தால் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள், அன்றைக்கு உங்கள் மகள் முதலில் நினைப்பது உங்களைத்தான். ஆயாவிடம் பேசி, அவன் எந்தத் தாலாட்டுக்குத் தூங்குவான் என்று சொல்லிக்கொடுங்கள். அதை உங்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

மகளைச் சேர்த்து இரண்டு மாதம். சளி நின்றபாடில்லை. போன வாரம் கை கால் வாய் நோய் வேறு வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, சென்னை

சேர்த்த முதல் வருடம் அப்படித்தான் இருக்கும். மாதம் ஒரு சளி என்பது காப்பகப் பிள்ளைக்குப் புதிதில்லை. வீட்டில் இருந்துவிட்டு நேராகப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதே சளி அங்கே போய் வரும். எடை ஏறுகிறதா, சளி இல்லாத நாளில் துள்ளி விளையாடுகிறாளா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் நிறுத்த வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, விலாப் பக்கம் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கை கால் வாய் நோயை நம் ஊரில் அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிவிடுகிறார்கள், அது வேறு, இது வேறு. உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளம், வாய்க்குள் புண். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே சரியாகிவிடும். வாய்ப் புண்ணால் சாப்பிட மாட்டாள், அதுதான் பாடு. மோர், ஆறிய கஞ்சி, இளநீர் என்று குளிர்ச்சியாக அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் விட்டு, கொப்புளம் காயும் வரை காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள். ஒளித்து அனுப்பினால் அடுத்த வாரம் பத்துப் பிள்ளைகள் படுக்கும்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி விட்டுப்போயிருந்தால் உடனே போட்டுவிடுங்கள். சளி மருந்தைப் பையில் வைத்து “அழுதா கொடுங்க” என்று ஆயாவிடம் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023-ல் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்றால் சீட்டின் நகலோடு, எவ்வளவு, எந்த நேரம் என்று எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை வீட்டில் தூளியில்தான் தூங்குவான். காப்பகத்தில் தூளி கிடையாதாம்.
— ஒரு வாசகி, ஈரோடு

சேர்ப்பதற்கு முன் ஒரு மாதம் பகல் தூக்கத்தை மட்டும் பாயில் பழக்குங்கள், இரவில் தூளி இருக்கட்டும். தூளி கட்டிய அதே பழைய நூல் புடவையைத் துவைக்காமல் நாலாக மடித்துப் பாயில் விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். முகத்துக்கு மேல் போடக் கூடாது. அந்தப் புடவைத் துண்டையே காப்பகத்துக்கும் கொடுத்து அனுப்புங்கள். அம்மா வாசனை அதில் இருக்கும். என்னிடம் ஒரு பிள்ளை அந்தப் புடவையின் ஓரத்தைச் சுட்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போவாள். துவைத்து வந்த அன்றைக்கு மட்டும் தூங்க மாட்டாள்.

எங்கள் கம்பெனியில் 200 பேருக்கு மேல் வேலை செய்கிறோம். காப்பகம் கேட்க உரிமை உண்டா?
— ஒரு வாசகி, ஓசூர்

உண்டு. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தமாக வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிற விதிப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் காப்பக வசதி செய்து தர வேண்டும். அம்மா நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம், ஓய்வு நேரமும் அதில் சேர்த்தி. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் இதே வயதுப் பிள்ளை வைத்திருக்கிற இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள்.

ஒரு வயது முடிந்த பிறகும் தாய்ப்பால் கொடுக்கிறேன். வேலைக்குப் போனால் நிறுத்த வேண்டுமா? எடுத்து வைத்துக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

நிறுத்தாதீர்கள். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஒரு வயதில் பகல் பசிக்குச் சோறு, பருப்பு, முட்டை, பழம் போதும். காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை, சாயங்காலம் காப்பகத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு தடவை, அப்புறம் இரவில். இப்படிக் கொடுத்தாலே பால் நிற்காது. சாயங்காலப் பாலுக்கு ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வருகிற நேரத்துக்கு பிஸ்கட்டைக் கொடுத்து வயிற்றை நிரப்பிவிடுவார்கள்.

எடுத்து வைப்பதானால் நம் ஊர் வெயிலில் வெளியே வைத்து நம்ப வேண்டாம். எடுத்தவுடன் ஃபிரிட்ஜில் உள்பக்கமாக வையுங்கள், கதவில் வேண்டாம். நான்கு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். காப்பகத்துக்கு ஐஸ் பேக் வைத்த பையில், பெயரும் தேதியும் எழுதி அனுப்புங்கள். அடுப்பில் வைத்துச் சுட வைக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். குடித்து மீந்ததைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். முதல் வாரம் வேலை இடத்தில் பதினொரு மணி வாக்கில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். கொஞ்சம் பீய்ச்சி விட்டால் வலி குறையும். மாற்று ரவிக்கை ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள்.